தெருவைக் கடக்கும் இடத்தில் உயர்ந்த கை

குளிர்காலம் முழுவதும் மனைவியைக் கிரான்பர்னில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, பனிமலை விடுதி ஒன்றின் குசினியில் கோப்பை கழுவுகிறவன் நான். துவைத்த துணிகளை ஏற்றி இறக்குவதற்காக ஸ்னோமொபைலும் ஓட்டப் பழகியிருந்தேன். பனியில் வழுக்கி ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் எல்லா விடுதிகளும் ஆளுக்கொரு வண்டி அனுப்பி ஊர்வலம் நடத்தின. எங்கள் விடுதிக்கு முதலாளியம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

கூடவே ஊரை நிர்வகிக்கும் கவுன்சிலின் விதிகளையும் நீட்டினார். பொதுத் தெருவை ஓரிடத்தில் மட்டுமே கடக்கலாம். முன்விளக்கு எரிய வேண்டும். தெருவின் மேல் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. மீறினால் பொலிசுக்கு அறிவிக்கப்படும். மற்றவர்களுக்கு அபராதத்தோடு போய்விடும். நான் அகதியாகப் படகில் வந்தவன். தற்காலிக விசா தரும்போதே ஒழுங்காக நடப்பேன் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பொலிஸ் ஒரு வரி எழுதினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். ஒரு கிழமை உட்கார்ந்து அந்த விதிகளை மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடப் பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை.

அன்று ஆறாவது வண்டி என்னுடையது. கடக்கும் இடத்தில் சீருடை போட்ட கவுன்சில்காரர் ஒருவர் நின்றார். நான் தெருவில் ஏறவும் அவர் கையை உயர்த்தவும் சரியாக இருந்தது.

எங்கள் ஊரில் சென்றியில், அதாவது காவலரணில், நிற்கும் ஆமிக்காரன் கையை உயர்த்தினால் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இறங்காதவனுக்கு வெடி விழும், சுட்டுவிடுவான். என் கால்கள் அதை மறக்கவில்லை. எஞ்சினை நிறுத்தினேன், இறங்கினேன், ஹெல்மெட்டைக் கழற்றினேன். லைசென்சையும் விசாக் கடிதத்தையும் ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி, நடுத்தெருவில் வண்டியை உருட்டப் பார்த்தேன். அந்த எருமை அசையுமா? பின்னால் வந்தவர்கள் கத்தத் தொடங்கினார்கள்.

“நான் மறித்தது அந்த பஸ்ஸை. நீ ஏன் இறங்கினாய்?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். அப்போதுதான் எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸைக் கண்டேன். “சொரி, சேர்” என்றேன். விசாக் கடிதம் கை நழுவிப் பனியில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, தட்டித் தந்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். பொலிசுக்குப் போகும் அந்த ஒரு வரி அதுதான் என்று நினைத்தேன்.

பனி கரைந்து வீட்டுக்கு வந்த பிறகும் தபால்பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று தரம் திறந்து பார்த்தேன். கடைசியில் ஒருநாள் கவுன்சில் கடிதம் வந்தே விட்டது. பிரிக்கத் தைரியமில்லாமல் மனைவியிடம் கொடுத்தேன்.

“என்னவாம்? விசாவைப் பற்றி ஏதும் கிடக்கோ?”

“பொறுங்கோப்பா, வாசிக்கிறன். ஊர்வலத்துக்கு வந்த எல்லாருக்கும்தான் அனுப்பியிருக்கினம். வாற வருசத்துக்குப் புது விதி ஒண்டு. தெருவிலை நிக்கிற கவுன்சில்காரர் இனிக் கையாலை மறிக்கக் கூடாதாம், ‘நில்’ எண்டு எழுதின பலகைதான் பிடிக்க வேணுமாம். சில ஓட்டுநர்கள் பயந்துபோச்சினமாம்.”

“ஆரப்பா அந்தச் சில பேர்?” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அடுத்த வருடமும் அதே மனிதர்தான் அங்கே நின்றார், ஒரு கையில் பலகையோடு. என்னைக் கண்டதும் மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நல்ல மனிதர், என்னைப் பயப்படுத்தக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார். நான் இறங்காமல் தெருவைக் கடந்தேன். கடந்து வெகுதூரம் போன பிறகுதான், வெடி விழும் என்று என் முதுகு அதுவரை விறைத்துப்போய் இருந்தது தெரிந்தது.