பேரன் பெயர் சகுரா

1929. பர்மாவில், போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே ஒரு ஜப்பானியரின் முடிதிருத்தும் கடை. என் கப்பல் கிளம்பத் தாமதமாகும் என்பதால் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு மேலே இரண்டு படங்கள்: ஒன்று பீரங்கி நீட்டிய போர்க்கப்பல், மற்றது புகை கக்கும் விரைவு ரயில்.

"ரெண்டுக்கும் ஒரே பேரு ஐயா, சகுரா. ஏதோ பூவோட பேராம்" என்கிறார் பக்கத்து நாற்காலியில் இருக்கும் துறைமுக மேஸ்திரி. கடைக்காரரின் பர்மியப் பேச்சை எனக்குத் தமிழில் சொல்பவர் அவர்தான். கப்பல் பழையதாம், ரயிலுக்கு இந்த வருஷம்தான் பெயர் வைத்தார்களாம்.

"அப்பக் கப்பல் தாத்தா, ரயிலு பேரன்" என்று மேஸ்திரி உடனே உறவுமுறை கட்டிவிடுகிறார். "எம் மூத்தவனுக்கும் எங்கப்பா பேருதான். மாமனார் பேரச் சொல்லக் கூடாதுன்னு எம் பொண்டாட்டி அவனத் திட்டும்போதுகூட 'ஏய், உன்னத்தான்'னுதான் கூப்பிடுவா."

பிறகு அவருக்கு ஒரு சந்தேகம். கடைக்காரரை 'சயா' என்று மரியாதையாக விளித்து ஏதோ கேட்கிறார்.

"தாத்தா இருக்காரா, போய்ட்டாரான்னு கேட்டேன். திடமா இருக்காராம்."

"இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டும் ஜப்பானில்தானே?" என்கிறேன்.

"ரயிலு கடல்ல ஓடாது ஐயா. இங்க வர்றதுன்னா தாத்தாதான் வரணும்."

இதையும் அவர் பர்மிய மொழியில் சொல்ல, கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். சிரித்து முடித்து, என் மோவாயை மெல்ல உயர்த்தி, தொண்டையில் கத்தியை வைக்கிறார்.

நான் சிரிக்கவில்லை. அசையக்கூட இல்லை.