கரமனைப் பாலத்தில் ஆளில்லாத கட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய்க்கதை கேட்டு நடுங்குகிற ஆள் நான் இல்லை. யட்சி என்றும் மாடன் என்றும் யாராவது என் கடை முன்னால் நின்று அளந்தால், "அந்த யட்சிக்குக் கல்யாணம் வச்சா எத்தனை கட்டு இலை வேணும்னு கேட்டுட்டு வாரும்வே, லோடு போடுதேன்" என்று அனுப்பிவிடுவேன். வள்ளியூர் பக்கத்திலிருந்து மூன்றாம் வகுப்புப் படிப்போடு திருவனந்தபுரத்துக்கு வந்தவன் நான். வந்த புதிதில் படுக்க இடமில்லாமல் சுடுகாட்டுச் சுவரோரம் இலைக்கட்டு மேலேயே தூங்கியிருக்கிறேன், கொசுவைத் தவிர ஒன்றும் வந்து தொட்டதில்லை. இன்றைக்குச் சாலைக் கம்போளக் கடைவீதியில் இறங்கி இலைக்கடை அண்ணாச்சி எங்கே என்று கேளுங்கள், ஆட்டோக்காரனே கொண்டுவந்து விடுவான். ஓணத்துக்கு இந்த நகரத்தில் பாதிப் பேர் சோறு தின்பது என் இலையில்தான், பெரிய பெரிய மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நான் இலை இறக்கியிருக்கிறேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், இல்லாததை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அலைகிறவன் இந்த நிலைக்கு வந்திருக்க முடியாது. அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை, நடந்தது நடந்தது.

கரமனையில் நான் வீடு வாங்கியது அக்ரஹாரத்துக்கு அடுத்த தெருவில். அங்கே ஒரு நாள் போலீஸ்காரர்கள் தெருக்காரர்களை எல்லாம் கூட்டிவைத்து, பாலத்திலும் முக்குகளிலும் புது மாதிரி கேமரா வைக்கப்போகிறோம், இது சும்மா படம் பிடிக்கிற கேமரா இல்லை, போகிறது ஆணா பெண்ணா, என்ன கலர் சட்டை, எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று தானாகவே கண்டுபிடிக்கும் என்றார்கள். அக்ரஹாரத்து வெங்கிட்டு மாமா எழுந்து நின்று, "நான் கறிகாய் வாங்கப் போறதை ஒருத்தன் உக்காந்து பாத்துண்டே இருக்கணுமா? தப்புப் பண்ணாதவாளை எதுக்கு எண்ணணும்?" என்று பிடித்துக்கொண்டார். நான் விடுவேனா? "மாமா, உம்ம கத்தரிக்காயை எவனும் களவாங்க மாட்டான், உக்காரும்" என்றேன், கூட்டமே சிரித்துவிட்டது. பாலத்துக் கேமராவுக்குக் கம்பம் நட்ட செலவு என்னுடையது. கம்பத்தில் என் பேரை எழுதவில்லை என்கிற வருத்தம் இன்னும் உண்டு.

இனி என் சம்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச்சியம்மாள், சேரன்மகாதேவிக்காரி, தாமிரபரணியில் முங்கி எழுந்து வளர்ந்தவள். கொஞ்ச காலமாக அவளுக்கு மறதி. முதலில் சாவியை மறந்தாள், பிறகு பேரன் பெயரை மறந்தாள், பிறகு எந்த ஊரில் இருக்கிறோம் என்பதையே மறந்துபோனாள். சில நாள் சோப்பு டப்பாவும் துண்டுமாக வாசலில் வந்து நின்று, "ஆத்துல குளிச்சிட்டு வந்துருதேன்" என்பாள். டாக்டர் எங்களிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், தனியாக மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள் என்று.

கர்க்கடக மாதம், நம்ம ஆடி, விடாத மழை, கரமனையாறு கரை தொட்டு ஓடுகிறது. அன்று மத்தியானம்தான் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. நான் கடையில் இருக்கிறேன், மருமகள் போன் பண்ணுகிறாள், குரலே சரியில்லை. "மாமா, அத்தையக் காணல. சோப்பு டப்பாவையும் காணல."

அந்த இரண்டாவது வரியைக் கேட்டதும் கல்லாவைக்கூடப் பூட்டாமல் ரோட்டுக்கு ஓடிவந்தேன். வீட்டுப் பக்கத்துப் படித்துறையில் மருமகள் போய்ப் பார்த்துவிட்டாளாம், அங்கே இல்லை. இந்த ஆற்றில் இறங்கப் படித்துறை ஒன்றா இரண்டா, எங்கே என்று ஓடுவது? ஆட்டோவைப் பிடித்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கேமராப் படமெல்லாம் வந்து சேரும் அறை அங்கேதான் மாடியில் இருக்கிறது, கம்பம் நட்டபோது எனக்குச் சுற்றிக் காட்டியிருந்தார்கள்.

சுவர் முழுக்க டிவி டிவியாக இருந்தது. ஷீபா என்று ஒரு போலீஸ்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள், நம்மை அறிந்தவள்தான், அவள் கல்யாணத்துக்கும் இலை என்னுடையது.

"அண்ணாச்சி, பேடிக்கண்டா, பயப்படாதீங்க, இப்போ நோக்கிடலாம். அம்மா ஏது கலர் சாரி உடுத்தது?"

"வாழக் குருத்துக் கலரும்மா."

"அப்படி ஒரு கலர் இதுல இல்லையே. பச்சையா, மஞ்சளா?"

"ரெண்டும் இல்லம்மா. குருத்து விரியதுக்கு முந்துன நாள் ஒரு நெறம் இருக்கும்லா, அது."

"என்றெ அண்ணாச்சி, இந்த மெஷின் வாழத்தோப்பே கண்டிட்டில்ல. ஏதாவது ஒண்ணு பறயணும்."

பச்சை என்றேன். ஊரில் அன்று பச்சை உடுத்த அத்தனை பெண்களையும் அந்த மெஷின் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தியது, ஒருத்தியும் பேச்சி இல்லை. நேரம் போகிறது. மஞ்சள் என்று தட்டச் சொன்னேன். மூன்றாவது படத்தில் இருந்தாள். பேச்சியேதான், கையில் சோப்பு டப்பா, தோளில் துண்டு, முக்கில் பேங்க் பக்கமாக நடந்துபோகிறாள். "இது கொஞ்சம் முன்னாடி உள்ளது" என்று ஷீபா ஒரு கேமராவிலிருந்து அடுத்த கேமராவுக்கு அவளைத் தேடிக்கொண்டே போனாள்.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். அந்த மெஷின் ஆளைக் கண்டால் அவரைச் சுற்றிப் பச்சையாக ஒரு கட்டம் போடும், அவர் நடக்க நடக்கக் கட்டமும் கூடவே நடக்கும். ரோட்டில் பத்துப் பேர் போனால் பத்துக் கட்டம். பேச்சியைச் சுற்றி ஒரு கட்டம் இருந்தது. அவளுக்கு இடது பக்கத்தில், ஒட்டினாற்போல், இன்னொரு கட்டம். அதற்குள்ளே ஆள் இல்லை. கட்டத்துக்குள் ரோடு தெரிகிறது, பின்னால் நிற்கிற பைக் தெரிகிறது, ஆள் மட்டும் இல்லை.

"இதென்னம்மா, ஆளில்லாம ஒரு கட்டம் கூடவே போவுது?"

"சாஃப்ட்வேரோட குழப்பம் அண்ணாச்சி. சிலப்போ நாய்க்கு இடும், கொடிக்கு இடும். அதை விடுங்க."

சரி, விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேச்சி நின்றால் அதுவும் நிற்கிறது. அவள் ரோட்டைக் கடக்கும்போது பஸ் வருகிற பக்கமாக அது மாறிக்கொள்கிறது. கட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ இங்கிலீஷில் ஓடியது, எனக்கு அதெல்லாம் வாசிக்க வராது, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஷீபா குனிந்து பார்த்தாள். "ஆண், வயசானவர், வெள்ள முண்டு." முண்டு என்றால் நம்ம வேட்டி. பிறகு அவளே சிரித்துக்கொண்டு, "அங்ஙனெ இந்த ஊருல லட்சம் பேருண்டு" என்றாள்.

இத்தனையும் நடந்து முடிந்த படம். பாலத்துக் கேமராவுக்கு வந்ததும், "இது இப்போ, லைவ்" என்று கத்தினாள். ரோந்து ஜீப்புக்குத் தகவல் சொன்னாள், ஜீப் கிள்ளிப்பாலம் ஜங்ஷன் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பேச்சி பாலத்து முனையில் நிற்கிறாள், அங்கிருந்து ஆற்றுக்குப் படி இறங்குகிறது, கீழ்ப்படிகள் எல்லாம் தண்ணீருக்குள். அவள் துண்டை இடுப்பில் சொருகிக்கொண்டாள். நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், குளிக்க இறங்குவதற்கு முன் அவள் செய்கிற வேலை அது.

என்னால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். ஒரு லாரி இலையை ஒற்றை ஆளாக இறக்கியவன், டிவி முன்னால் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "போகாத பேச்சி, திரும்பு, அங்க போகாத, திரும்புட்டி" என்று கத்தினேன், கீழே இருந்த போலீஸ்காரர்கள் எல்லாம் மாடிக்கு ஓடிவந்துவிட்டார்கள். அவள் முதல் படியில் கால் வைத்தாள்.

அந்த ஆளில்லாத கட்டம் அவள் பக்கத்திலிருந்து முன்னால் வந்தது.

நான் கண்ணால் பார்த்தேன், ஷீபாவும் பார்த்தாள், ஓடிவந்தவர்களும் பார்த்தார்கள். படிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டது. பேச்சி வலது பக்கம் ஒதுங்கினாள், அதுவும் ஒதுங்கியது. இடது பக்கம் போனாள், அங்கேயும் வந்து நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்கிறாள், கேமராவில் சத்தம் கிடையாது, ஆனால் அந்த முகம் எனக்குத் தெரியும், வைகிற முகம். கொஞ்ச நேரம் வைதுவிட்டு, முதல் படியிலிருந்து காலை எடுத்தாள். திரும்பி, மேலே வந்து, பாலத்தோரம் இருக்கிற பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். கட்டம் அவள் முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தனியாக நடந்து, நாங்கள் இருந்த ஸ்டேஷன் பக்கமாகவே வந்து, டிவியின் ஓரத்தில் மறைந்துபோனது. ஷீபா அப்போது சாஃப்ட்வேர் என்று சொல்லவில்லை. கழுத்துச் செயினில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். போய்ப் பார்த்தால் பேச்சி பஸ் ஸ்டாப்பில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், சேலை நனையவில்லை, ஒரு கீறல் இல்லை, சோப்பு டப்பா மடியில். அவ்வளவு பேர் முன்னால் நான் அழுதது அன்றைக்குத்தான், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அவள் காலடியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் என்னவோ என்னைக் கோபமாகப் பார்த்தாள்.

"இங்கனயே இரு, இந்தா வாறேன்னு சொல்லிட்டுப் போனிய. இம்புட்டு நேரமா?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான். வழி பூரா கூடவே வந்திய. ஆத்துல எறங்க விடாம மறிச்சுக்கிட்டு, போகாத பேச்சி, திரும்புட்டின்னு ஒரே சத்தம். ஊரு பாக்குதேன்னு ஒரு வெக்கம் இல்ல. இப்பம் என்னடான்னா போலீசு வண்டில வந்து எறங்குதிய."

என் பெயரை மறந்தாலும் மறப்பாள், அன்று சொன்னதை மட்டும் அவள் மறக்கவில்லை. எப்போது கேட்டாலும் அப்படியேதான் சொல்கிறாள். அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டு ஜீப் டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு நான் கட்டியிருந்தது வெள்ளை வேட்டி, நான் எப்போதும் கட்டுவது அதைத்தான், ஊரில் லட்சம் பேர் கட்டுகிறார்கள், அதனால் அதில் ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆள் கிடைத்துவிட்டாள், அதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது? ஸ்டேஷனில் எல்லாருக்கும் போளியும் பாயசமும் வாங்கிக் கொடுத்தேன், இலை போட்டு.

இனி நான் சொல்லப்போவதுதான் இன்றைக்கும் எனக்குப் பிடிபடாதது. மறுபடி அவள் காணாமல் போனால் தேடுவதற்கு வசதியாக, எங்கள் சம்மதம் வாங்கி, பேச்சியின் முகத்தை அந்த மெஷினுக்குள் ஏற்றிவைத்தார்கள். அவள் எந்தக் கேமரா முன்னால் வந்தாலும் ஷீபாவுக்குத் தகவல் போகும். அது சரியாக வேலை செய்கிறதா பார்ப்போம், ரெண்டு பேருமாகப் பாலத்தில் ஒரு நடை நடந்து காட்டுங்கள் என்றாள். ஒரு காலையில் நானும் பேச்சியும் கை கோத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தோம். கடந்ததும் போன் வந்தது.

"அண்ணாச்சி, அம்மாவை மெஷின் பிடிச்சிருச்சு. ஆனா அம்மா தனிச்சாணு, ஒரு ஆள்னுதான் காட்டுது. நீங்க எங்க?"

"நான் கூடத்தானம்மா வாறேன்."

படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருப்பாள் போல. "ஆமா, படத்துல காணுது. கையைப் பிடிச்சிட்டுண்டு. உங்களுக்குக் கட்டம் மட்டும் விழல."

லென்சைத் துடைத்துப் பார்த்தார்கள். மெஷினை நிறுத்திப் போட்டார்கள். வேறு கலர் சட்டை போட்டு வரச் சொன்னார்கள், தனியாக வரச் சொன்னார்கள், குடை பிடித்து வரச் சொன்னார்கள். எறும்பு மாதிரி ஊர்கிற ஜனத்துக்கெல்லாம் கட்டம் போடுகிறது, மீன்காரிக்குப் போடுகிறது, வேலியில் காயப்போட்ட சட்டைக்குக்கூட ஒரு தடவை போட்டது, எனக்குப் போடவில்லை. இந்த ஊரில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது, அந்தக் கேமராவுக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் போய்த் தலை முதல் கால் வரை பார்த்துக்கொண்டேன், சர்க்கரை கொஞ்சம் கூடுதல், மற்றபடி குதிரை மாதிரி இருக்கிறேன் என்றார். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, வியாபாரமும் முன்னைவிட நன்றாகவே ஓடுகிறது. பேச்சி இருக்கிறாள், கதவுக்கு உள்பூட்டு போட்டாயிற்று, தினமும் காலையில் அவளைப் பாலம் வரை கூட்டிப் போகிறேன், அவள் கை என் கையில் சூடாக இருக்கிறது, எனக்கு அது போதும். என்னிடமிருந்து அன்றைக்கு ஏதாவது போயிருந்தால், போக வேண்டிய இடத்துக்குத்தானே போனது.

ஆனாலும் கம்பத்துப் பக்கம் வந்ததும் என்னை அறியாமல் கையைத் தூக்கி ஆட்டிவிடுகிறேன். ஷீபா டியூட்டியில் இருந்தால் உடனே போன் பண்ணுவாள். "கண்டேன் அண்ணாச்சி, கண்டேன்" என்பாள். அதற்கு அப்புறம்தான் நான் அடுத்த அடி எடுத்து வைக்கிறேன்.