தமிழில் மட்டும் ஓர் அறிவித்தல்

எங்கள் ஸ்காபரோ கட்டடத்தின் குப்பை அறைச் சுவரில் போன மாதம் திடீரெனத் தமிழ் முளைத்தது. ‘புளூ பின்னுக்குள் சாப்பாட்டு மிச்சம் போடாதீர்கள்’ என்று சிவப்புக் கொட்டை எழுத்தில். எழுதியவன் நான்தான்.

புளூ பின் என்பது போத்தல், பேப்பர், தகரப்பேணிகளுக்கான தொட்டி. அதற்குள் ஈரக் கழிவு கலந்து கிடந்தால் லொறிக்காரர் ஏற்றாமலே போய்விடுவார்கள். இரண்டு தடவை அப்படி நடந்த பிறகு, குடியிருப்பவர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். பதினோராம் மாடி டயான் தலைவி. தமிழில் எழுதித் தர முடியுமா என்று அவர் கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்தெட்டு வருடமாகப் பாத்திரம் கழுவினேன், பெட்டி சுமந்தேன், டக்ஸி ஓடினேன். இந்த நாட்டில் ஒருவரும் என் மொழியைக் கேட்டதில்லை. ஒற்றுப் பிழைகூட வராமல் எழுதிக் கொடுத்தேன்.

ஒட்டிய பிறகுதான் கவனித்தேன். கட்டடத்தில் பிலிப்பைன்ஸ்காரர், பாகிஸ்தான்காரர், சீனர் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்கள் மொழி எதுவும் சுவரில் இல்லை. ஆங்கிலத்தில் இருந்தது, ‘சேர்ந்து சுத்தம் பேணுவோம், நன்றி!’ என்ற ஒரு வரி. கட்டளை தமிழுக்கு மட்டும்.

நாலாம் மாடியில் தனியே இருக்கும் பரமேஸ் அக்கா என்னை மறித்தார்.

“தம்பி, உது நீர் எழுதினதோ?”

“ஓம் அக்கா.”

“அப்ப நாங்கள் மட்டுமோ ஊத்தை போடுறம்? நான் யோகட் டப்பாவைக்கூடக் கழுவி வச்சுப் புழங்கிறன்.”

டயானிடம் போய், ஏன் தமிழில் மட்டும் என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. “உங்கள் மொழிக்குத்தான் முதலிடம் கொடுத்தோம்! நீங்கள் சந்தோஷப்படுவது எனக்கும் சந்தோஷம்” என்றார்.

யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடிகளில் பலகைகள் இருந்தன. ‘நில்’, ‘இறங்கி நட’. அரசாங்கக் கடிதங்கள் சிங்களத்தில் வரும். கட்டளைகள்தான் எங்களுக்கு விளங்கும் மொழியில் இருந்தன, அதுவும் பிழை பிழையாக. அந்தப் பலகைகளைத் தாண்டிச் சைக்கிளை உருட்டிய நான், இங்கே பிழையில்லாத ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை குழுவாகப் புளூ பின்னைக் கவிழ்த்துக் கிளறினோம். பீட்சாத் துண்டுகள், பாதி குடித்த கோப்பி, நாய்க் கழிவுப் பைகள். மீன்குழம்பும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். “எல்லோரும்தான் போடுகிறார்கள்” என்றேன். டயான் தலையாட்டி எழுதிக்கொண்டார். அறிவித்தல் சுவரிலேயே இருந்தது. நானும் கிழிக்கவில்லை. குழுவில் ஒருவனாக என்னையும் மதிக்கட்டுமே என்ற ஆசை.

திங்கட்கிழமை பரமேஸ் அக்காவைப் பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். மடியில் இறுகக் கட்டிய கறுப்புப் பை.

“மார்க்கத்திலை மகள் வீட்டை போறன். குப்பையை அங்க போட்டிட்டு வருவன். இஞ்ச ஆரேன் பாத்துக்கொண்டு நிப்பினம்.”

குப்பையோடு இரண்டு பஸ் மாறிப் பக்கத்து நகரமான மார்க்கத்துக்குப் போகப்போகிறார். “தாங்கோ அக்கா, நான் போடுறன்” என்று கையை நீட்டினேன். பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

திரும்பிப் போய் அறிவித்தலைக் கிழித்தேன். டயானிடம் நானே சொன்னேன்.

“எழுத்துப் பிழையா? பரவாயில்லை, திருத்தி அனுப்புங்கள்” என்றார்.

நேற்றுக் காலை நானும் டயானும் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். நாலாம் மாடியில் கதவு திறந்தது. பரமேஸ் அக்கா ஏறி, எங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரிப் பார்த்து, “குட் மோர்னிங்” என்றார்.