வளையம் இல்லாத ரீல்

என் தையல் பெட்டியில் மஞ்சள் பிளாஸ்டிக் வளையம் ஒன்று கிடக்கிறது. வளையலைவிடப் பெரியது; கையில் போட்டால் முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகும். வீட்டு வேலைக்கு வரும் பெண் அதை இரண்டு முறை குப்பையில் போட்டாள். இரண்டு முறையும் நான் பொறுக்கி எடுத்து வந்தேன். "இது எதுக்காவது ஆகுமாம்மா?" என்று கேட்டாள். ஒன்றுக்கும் ஆகாது என்றேன். பொய்யில்லை. அது பொருந்துகிற இயந்திரமே இன்று எங்கும் ஓடுவதாகத் தெரியவில்லை.

அறுபதுகளின் கடைசியில், திருச்சிக்குக் கிழக்கே ஒரு பெரிய தொழிற்சாலையில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் வந்த புதிது. ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நின்ற அந்த இயந்திரத்துக்குச் சொந்த ஞாபகம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பக்கத்து அறை அலமாரிகளில், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இருந்த காந்த நாடா ரீல்களில் இருந்தது. ரீலின் முதுகில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் இந்த வளையத்தைப் பொருத்தினால்தான் இயந்திரம் நாடாவில் புதிதாக எழுதும், பழையது அழியும். வளையம் இல்லாத ரீலை இயந்திரம் படிக்க மட்டுமே செய்யும்.

அந்த ரீல்களுக்குக் காவலாக இருந்தவரை எல்லோரும் டேப் சார் என்போம். நாடாவுக்கு வேர்க்கக் கூடாது என்று அந்த அறையில் எப்போதும் ஏசி ஓடும். வெளியே பட்டறையில் ஆட்கள் நெருப்பில் வெந்துகொண்டிருப்பார்கள், இவர் உள்ளே ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார், அக்னி நட்சத்திரத்திலும் கையில் அந்தப் பழுப்பு ஸ்வெட்டர். "என்ன சாமி, ஊட்டிக்கா?" என்று கண்டக்டர் தினமும் கேட்பாராம். அவரே சொல்லிச் சிரிப்பார். ரீல் வாங்கப் போகிறவர்களைத் தவிர அந்த அறைக்கு யாரும் போவதில்லை. அந்தக் குளிரில் நின்று யார் பேசுவது?

அவர் மனைவி அதே தொழிற்சாலையில், ஸ்டோர்ஸ் பிரிவில் டைப்பிஸ்டாக இருந்தார். இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், மத்தியானம் வேப்பமரத்தடி பெஞ்சில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். குழந்தைகள் இல்லை. காய்ச்சல் என்று படுத்த அந்த அம்மாள் ஒரு மாதத்தில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து டேப் சார் வேலைக்குத் திரும்பிய வாரத்தில், ஊழியர் பட்டியலிலிருந்து அந்த அம்மாளை நீக்கச் சொல்லும் உத்தரவு என்னிடம் வந்தது. கம்ப்யூட்டர் படிக்கிற கார்டில் துளை போட்டு அதை நான்தான் பஞ்ச் செய்தேன். ஊழியர் எண்ணைத் தப்பாக அடித்துவிடக் கூடாது என்று மூன்று தரம் சரிபார்த்தேன். அதனாலேயே அந்த எண் மறக்கவில்லை.

புதுப் பட்டியல் புது ரீலில் ஏறியது. பழைய ரீலை மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, பிறகு அதன்மேலேயே வேறு ஏதாவது எழுதிக்கொள்வது வழக்கம். அந்த ரீல் மட்டும் திரும்பி வரவே இல்லை. வைத்திருக்க வேண்டிய கெடுவை ரீலில் ஒட்டிய சீட்டில் எழுதுவோம். கெடு முடியும்போதெல்லாம் டேப் சார் அதன்மேல் இன்னொரு சீட்டை ஒட்டினார். இரண்டு வருஷத்தில் சீட்டு அப்பளக் கட்டு மாதிரி தடித்துவிட்டது. அதன் வளையத்தைத் தனியே கழற்றி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்.

ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் மறைக்கவில்லை.

"அதுல அவ இருக்கா."

"ஒரு வரிதானே சார், பிரிண்ட் எடுத்துத் தரட்டுங்களா?"

"வேண்டாம்மா. காகிதத்துல வந்தா அதையே பாத்துண்டு உக்காந்துடுவேன். இருக்குன்னு தெரிஞ்சா போறும்."

அந்தக் கோடையில் ஒரு புது வேலை வந்தது. சென்னையிலிருந்து வரவேண்டிய ரீல்கள் வரவில்லை. அதிகாரி தாமே அலமாரிகளைப் பார்க்க வந்தார். கெட்ட மனிதரில்லை, அவசரக்காரர். தடித்த சீட்டைப் பார்த்ததும், "ரெண்டு வருஷமா இது சும்மா கிடக்குதா? இன்னைக்கே எடுத்து ஏத்துங்க" என்றார். டேப் சார் காரணம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி போனபிறகு டேப் சார் இழுப்பறையிலிருந்து வளையத்தை எடுத்து, ரீலோடு சேர்த்து என் கையில் கொடுத்தார்.

"நீயே போட்டுடும்மா. என்னால ஆகாது."

சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம். இயந்திரத்தின் முன்னால் நான் மட்டும்தான். முதலில் வளையம் போடாமலே ரீலை ஏற்றினேன். அந்த அம்மாளின் எண்ணை ஒரு கார்டில் அடித்துக் கொடுத்தேன். ரீல் ஓடி ஓடி ஓரிடத்தில் நின்றது. பிரிண்டர் ஒரே ஒரு வரி அடித்தது. எண், பெயர், பிரிவு, வேலையில் சேர்ந்த தேதி, வாரிசு என்ற இடத்தில் டேப் சார் பெயர். கிழித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு ரீலை இறக்கி, வளையத்தைப் பொருத்தி, மறுபடி ஏற்றினேன். ஏதோ உதிரிப்பாகங்களின் பட்டியல் அதன்மேல் ஏறியது. வேலை முடிந்ததும் ரீலைத் திருப்பிக் கொடுத்தேன், வளையத்தைக் கொடுக்க மனம் வரவில்லை.

அந்த வரி என்னிடம் இருக்கிறது என்று டேப் சாரிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஊழியர் விவரத்தை உத்தரவில்லாமல் அச்சடித்தது தெரிந்தால் வேலை போய்விடும். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அதோடு, காகிதம் வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். அதற்குள் அவர் பார்சல் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். தகரக் கொட்டகை, கொதிக்கிற வெயில். ஸ்வெட்டருக்கு வேலையில்லை. கேன்டீனில் பார்த்தால், "சௌக்கியமாம்மா?" என்பார். "சௌக்கியம் சார்" என்பேன். கைப்பைக்குள் காகிதம் இருக்கும். வேப்பமரத்தடி பெஞ்ச் பக்கம் அவர் போய் நான் பார்க்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்தேன். அவர் காலமாகிவிட்டார் என்று சில வருஷம் கழித்து யாரோ சொன்னார்கள்.

இப்போது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். காகிதம் தையல் பெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது. மை வெளுத்திருக்கும், நான் பிரித்துப் பார்ப்பதில்லை. அவருக்கும் அதைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எங்கேயோ இருக்கிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை.

நேற்று அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பெண் தையல் பெட்டியிலிருந்து வளையத்தைத் தூக்கிக் காட்டினாள். "இதைப் போட்டுடட்டுமாம்மா?"

"இருக்கட்டும்" என்றேன்.