மடுல்சீமைக் காதுகுத்துக்குப் போனது

இப்போது பதுளை வரை ரயில் வந்துவிட்டது. நான் சொல்லும் காலத்தில் அது பண்டாரவளையோடு நின்றுவிடும். மடுல்சீமைக்குப் போகிறவனுக்கு மாட்டு வண்டி உண்டு. இல்லையென்றால் கால் உண்டு.

மாசி மாதம், வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து பதுளையை விட்டேன். தோட்டத்துக்கு அரிசி ஏற்றிய வண்டி. வண்டிக்காரன் ஆளுக்குக் கால் ரூபாய் கேட்டான். என் துணிப் பொட்டணிக்குத் தனியாக ஐந்து சதம். கொடுத்தேன்.

போகிற தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். மாயாண்டி என்று பெயர். பத்தொன்பது வயதில் காய்ச்சலோடு பதுளைக்கு நடந்து வந்து ஒரு துணிக்கடை வாசலில் விழுந்தேன். கடை மொதலாளி தூக்கி உள்ளே போட்டார். அங்கேயே பிழைத்தேன், அங்கேயே வேலை செய்தேன், அங்கேயே கலிமா சொன்னேன். இஸ்மாயில் என்று பெயர் வைத்தார்கள். நாலு வருடமாகத் தோட்டம் தோட்டமாகப் பொட்டணி தூக்கித் துணி விற்றேன். பிறந்த தோட்டத்துக்கு மட்டும் போகவில்லை.

பேச்சியக்கா சொல்லி அனுப்பினாள். அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அவள்தான். அவளுக்கு முதல் பிள்ளை, பெண். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவது எங்கள் வழக்கம். அவளோடு கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். மாமன் மடி இல்லாமல் குத்தமாட்டேன் என்று சொன்னாளாம். துலுக்கன் மடியில் குத்த விடமாட்டோம் என்று லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பேச்சு நடப்பதையும் சேதி கொண்டுவந்தவனே சொன்னான்.

கடையிலும் பேச்சு நடந்தது. கணக்கு எழுதுகிறவரை நானா என்போம், அண்ணன் என்று அர்த்தம். அவர் என் காதுபடவே சொன்னார்: "தோட்டத்தான் தோட்டத்துக்குப் போனா அவ்வளவுதான். பழைய சாமி கண்ணக் காட்டினா இவன் திரும்பி வரமாட்டான், பாருங்க."

மொதலாளி அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "போய்ட்டு வா மகன். ரத்த ஒறவு ஈக்கி. அத வெட்ட ஏலா. ஆனா கோயில்ல நின்னு கும்புட்றாத."

சின்னதாக ஒரு சோடி தங்கத் தோடு வாங்கினேன். மாமன் சீர். அதோடு பட்டுத்துணி ஒன்றரை முழம். பொட்டணிக்குள் அடியில் வைத்துக் கட்டினேன்.

பதுளையிலிருந்து பசறை பதினோரு மைல் இருக்கும். ஏற்றமும் இறக்கமுமான ரோடு. அந்தப் பக்கம் அப்போது காப்பி போய்த் தேயிலை வந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. ஆனாலும் ஓடையோரம் அங்கங்கே பழைய காப்பிச் செடி ஒன்றிரண்டு காடாக நிற்கும். பூத்திருந்தால் வாசம் ரோடு வரை வரும். அன்றைக்கு வந்தது. சின்ன வயதில் அந்தப் பூவை அக்கா தலையில் வைத்துக்கொள்வாள். ஒரு நாளில் வாடிவிடும் பூ.

ஒரு முடக்கில் முனியாண்டிக் கல் இருந்தது. வண்டிக்காரன் இறங்கி ஒரு கொத்துத் தழை ஒடித்துக் கல்மேல் வைத்தான். என் வலது கை தானாக நெற்றிக்குப் போனது. பாதியில் நிறுத்தித் தாடியைத் தடவிக்கொண்டேன். அவன் பார்த்துவிட்டான்.

"என்னாங்க நானா, கை பாதி வழியில திரும்பிருச்சு?" என்று சிரித்தான். "நீங்க துலுக்கனா பொறந்தவரா, ஆனவரா?"

"ஆனவன்."

"எந்தத் தோட்டம்?"

சொன்னேன். அவன் வண்டியில் ஏறி மாட்டைத் தட்டினான். கொஞ்ச தூரம் போனோம். அப்புறம் அடக்க முடியவில்லை.

"பொண்ணு விசயமா?"

"இல்ல."

"அங்க எதையோ வெட்டுவாங்களாமே. வலிச்சிச்சா?"

"வலிச்சது."

"அதுக்கும் ஒத்துக்கிட்டீங்கன்னா பொண்ணு இல்லாம எப்படி? வேற என்னாத்துக்கு?"

"சோறு."

"ஏன், தோட்டத்துல அரிசி குடுக்கலியா?"

நான் சொன்னது வேறு சோறு. எங்கள் அப்பா, கங்காணி வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டால் குனிந்து கையைக் குவிக்க வேண்டும். மேலேயிருந்து ஊற்றுவார்கள். பதுளையில் காய்ச்சல் விட்ட முதல் வெள்ளிக்கிழமை மொதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெரிய தட்டு நிறையச் சோறு. சகன் என்பார்கள். சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவது. மொதலாளி, அவர் தம்பி, மகன், நான். கையை நீட்டுவேன், இழுத்துக்கொள்வேன். "சாப்பிடு மகன், சோறு ஆறுது" என்றார். அப்போது நான் மாயாண்டிதான். கலிமா சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நான்தான் பிறகு கேட்டேன். தொழவும் பழகினேன். பழகியபின் விட முடியவில்லை. இதுக்குமேல் காரணம் சொல்ல எனக்குத் தெரியாது.

இதை வண்டிக்காரனுக்குச் சொன்னேன். யோசித்தான்.

"அப்ப இன்னைக்கு நான் ஆக்குனா எங்கூட ஒரே சட்டியில திம்பீங்களா?"

"திம்பேன்."

"நான் திங்க மாட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டு, தானே விழுந்து விழுந்து சிரித்தான்.

பசறையில் தங்கினோம். அவன் சோறு ஆக்கினான். வாழை இலையில் எனக்குத் தனியாக வைத்தான். கருவாட்டில் பெரிய துண்டு என் இலையில் இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலம் புறப்பட்டோம். பசறையிலிருந்து மேலே இன்னும் பத்து மைல் இருக்கும். மாடு நின்று நின்றுதான் ஏறும். ரோடு பல இடத்தில் ரோடு மாதிரி இல்லை. மழை அரித்த இடத்தில் இறங்கி நானும் சக்கரம் தள்ளினேன். ஏற ஏறக் குளிர். பகல் மூன்று மணிக்குத் தோட்டத்து வாசல் கேட்டு வந்தது.

தோட்டத்துக்குள் வெளியாள் வரக்கூடாது. பொட்டணிக்காரனுக்கு மட்டும் வெள்ளைக்காரத் தொரை அனுமதி உண்டு. காவல்காரன் புது ஆள். என் பொட்டணியைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான், போகச் சொன்னான். பிறந்த இடத்துக்குள் துணி விற்கிறவனாகத்தான் நுழைந்தேன்.

முதலில் பீலிக்கரைக்குப் போனேன். மலைத்தண்ணீர் குழாய் வழியாக விழும் இடம். அம்மா என்னை அதற்கடியில் நிறுத்தித்தான் தேய்ப்பாள். குளிரில் கத்துவேன். வாயை வைத்துக் குடித்தேன். அதே குளிர். அங்கேயே கை கால் கழுவிப் பின்னேரத் தொழுகை தொழுதேன். தேயிலைக்குள்ளிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "மண்ணுல நெத்திய முட்டுறாரு, எதுத்தாப்புல ஒன்னுமே இல்லியேடி" என்றாள் ஒருத்தி.

லயத்தில் எங்கள் காம்பரா, ஒற்றை அறை வீடு, கடைசியிலிருந்து இரண்டாவது. கதவு அதே கதவு. அக்கா வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாட்டுக்கறி தின்னியா?"

"தின்னேன்."

"செரி. உள்ள வா."

அவள் அழுதது அப்புறம்தான். மச்சான் முத்துவீரன் வந்தார். நல்ல மனிதர், வாய் கொஞ்சம் கூடுதல். அக்கா ஒரு சேவலின் காலைக் கட்டிக் கூடையில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"நீயே அறு. நீங்க அறுத்தாத்தான் திம்பீங்களாமே."

"அவன் அறுத்தா நாம திங்கலாமாடி?" என்றார் மச்சான்.

"நீ என்னைக்குக் கறிய வேணாம்னு சொன்ன?"

அறுத்தேன். எல்லாரும் தின்றோம். பக்கத்துக் காம்பராக்காரர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார், உள்ளே மட்டும் வரவில்லை. அன்று ராத்திரி இஸ்தோப்பில், காம்பராவின் முன்திண்ணையில், படுத்தேன். பிள்ளை செல்லாயி என் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே தூங்கிப்போனது. ஒரு வயது முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு ஆள் கூட்ட விடியலில் அடிக்கும் பெரட்டுத் தப்பு இல்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு எழுந்துவிட்டேன். தப்புச் சத்தத்துக்கு எழும்பிய உடம்பு. பதுளையில் விடியற்காலச் சுபஹு பாங்குக்கு எழும்ப எனக்குக் கஷ்டம் இருந்ததே இல்லை.

மாரியம்மன் கோயில் லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில். தகரக் கூரை. ஒன்பது மணிக்குக் கூடினார்கள். பசறையிலிருந்து ஆசாரி வந்து ஊசியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பெரிய கங்காணி வந்தார். நான் கோயில் எல்லைக்கு வெளியே நின்றேன். அவர் என்னிடம் வந்தார். கோபமாக வரவில்லை.

"மாயாண்டி, நல்லா இருக்கியாப்பா?"

"இருக்கேங்க."

"மாமன் நீதான். இல்லேன்னு நான் சொல்லல. ஒன்னே ஒன்னு. தொப்பியக் கழட்டி இடுப்புல சொருகிக்க. துன்னூறு பூசிக்க. ஆத்தா முன்னால உக்காரு. குத்தி முடிஞ்ச ஒடனே தொப்பியப் போட்டுக்கிட்டுப் போயிரு. ஒரு ஆளும் ஒன்னுஞ் சொல்லாது."

"முடியாதுங்க."

"அட, கொஞ்ச நேரந்தானேப்பா. ஒங்க சாமி இங்கயா வந்து பாத்துக்கிட்டிருக்கு?"

"பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கு."

யாரோ சிரித்தார்கள். அக்கா பிள்ளையோடு வந்தாள். கண்ணைப் பார்த்தேன். அவளுக்கு அது பெரிய விஷயம். மாமன் இல்லாமல் குத்தினால் பிறந்த வீடே இல்லாதவள் என்று பேசுவார்கள்.

"தம்பி. எனக்காவ. ஒரு தடவ."

"முடியாதுக்கா."

பொட்டணிக்குள்ளிருந்து தோட்டையும் பட்டுத்துணியையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மேலே ஏறி ரோட்டோரம் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து கோயில் தெரியாது. சத்தம் மட்டும் வரும். பிள்ளையை மச்சானின் சித்தப்பா மகன் மடியில் வைக்கிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. மேளம் அடித்தார்கள். பிள்ளை வீரிட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்து நின்றுவிட்டேன். பிறகு மேளம் நின்றது. இரண்டாவது தரம் பிள்ளை கத்தவில்லை. கீழே ஆட்கள் சத்தம் போட்டார்கள்.

அக்கா மேட்டில் ஏறி வந்தாள். இடுப்பில் பிள்ளை. பின்னால் ஆசாரி ஊசியோடு. அவருக்குப் பின்னால் மச்சான் கத்திக்கொண்டே வந்தார்.

"பாதிக் காதோட புள்ளையத் தூக்கிட்டு ஓடுறாளே! இவளுக்குப் புத்தி கெட்டுப் போச்சா!"

பிள்ளையின் வலது காதில் தோடு இருந்தது. இடது காது சும்மா இருந்தது. அக்கா மூச்சு வாங்கினாள்.

"அந்தக் காது அவங்களுக்கு. இது ஒனக்கு. உக்காரு."

"அக்கா..."

"உக்காருடா. இது கோயில் இல்ல, ரோடு. இங்க எந்தச் சாமியும் ஒன்னக் கேக்காது."

மச்சான் ஆசாரியைப் பார்த்தார். "ஆசாரி, நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

"நான் என்னாத்தச் சொல்றது? ஊசி ஆறிப் போறதுக்குள்ள குத்தணும். மடி யாரோடதுன்னு ஊசிக்குத் தெரியவா போவுது?"

கங்காணி மேட்டடி வரை வந்து கீழேயே நின்றார். மேலே பார்க்காமல் உரக்கச் சொன்னார்: "ரோட்டுல நடக்கிறது எனக்குத் தெரியாதுப்பா. ரோடு தொரையோடது."

உட்கார்ந்தேன். பிள்ளை என் மடிக்கு வந்தது. முன்தினம் பழகியதால் என்னைப் பார்த்துச் சிரித்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிஸ்மி சொல்லித் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி குத்தினார். பிள்ளை துடித்தது. ரெண்டு கையாலும் என் தலையைப் பிடித்தது. தொப்பி கையோடு போய்விட்டது. அதைத் தூக்கி ரோட்டுச் சேற்றில் எறிந்து அழுதது.

என்னால் பிள்ளையை விட முடியாது. தொப்பியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். மச்சான் குனிந்தார். தொப்பியை எடுத்தார். சேற்றைத் தன் வேட்டியில் துடைத்தார். கொஞ்சம் தயங்கி என் தலையில் வைத்தார். கோணலாக வைத்தார். எடுத்துச் சரியாக வைத்தார்.

"பட்டுத்துணி நல்லாருக்கு மாப்ள" என்றார்.

ஆசாரி திருகாணியை முடுக்கினார். பிள்ளை அசைந்ததில் துளை கொஞ்சம் மேலே போய்விட்டது என்றார். பரவாயில்லை என்றாள் அக்கா.

ஒரு ராத்திரிக்குமேல் தங்கக்கூடாது, பொழுது சாயுமுன் தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று காவல்காரன் வந்து சொன்னான். நான் திரும்பக் கீழே போகவில்லை. அங்கிருந்தே பொட்டணியைத் தூக்கினேன். அக்கா சாப்பிட்டுப் போகச் சொல்லவில்லை. சொன்னால் நான் இருந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். முடக்கு திரும்பும்வரை நின்றாள்.

மத்தியான லுஹர் தொழுகைக்கு ஓர் ஓடையில் இறங்கினேன். அப்போதுதான் பார்த்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில், மடிப்பக்கம், பிள்ளையின் ரத்தம் ஒரு சொட்டு. ரத்தம் பட்ட துணியோடு தொழலாமா என்று அப்போது எனக்குத் தெரியாது. கொஞ்சம் பட்டால் குற்றமில்லை என்று மொதலாளி பிறகு சொன்னார். தெரியாதவன் கழுவத்தான் வேண்டும். தண்ணீரில் துணியைப் பிடித்தேன். கசக்கக் கை வரவில்லை.

பொட்டணியை அவிழ்த்து விற்பனைக்கு வைத்திருந்த புதுச் சாரம் ஒன்றை எடுத்துக் கட்டினேன். அதோடு தொழுதேன். பழையதை மடித்து உள்ளே வைத்தேன்.

பதுளைக்கு வந்ததும் கணக்கு எழுதும் நானா கேட்டார்: "கோயிலுக்குப் போனியா?" இல்லை என்றேன். அதன்பின் வருடத்துக்கு ஒரு தரம் அந்தத் தோட்டத்துக்குத் துணி கொண்டுபோனேன். அக்கா இருந்தவரை போனேன். அங்கே என்னை மாயாண்டி என்பார்கள், கடையில் இஸ்மாயில் என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

அந்தச் சாரம் என் பெட்டியில் கிடக்கிறது. இத்தனை வருடத்தில் சொட்டு கறுத்துவிட்டது. துவைக்கவில்லை.