என் அண்ணன் சோம்பேறி இல்லை

சோம்பேறி என்ற சொல் காதில் விழுந்தால் இன்றைக்கும் நான் சண்டைக்குப் போய்விடுவேன். பல்கலைக்கழக விடுதியில் இதற்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. இருக்கட்டும். அந்தச் சண்டையை நான் தொடங்கியது பதினோரு வயதில், தண்ணீர்மலை முருகன் கோவில் படிக்கட்டில்.

என் அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது. நன்றாகச் சாப்பிடுவான், நன்றாகப் பாடுவான். நடக்கச் சொன்னால்தான் வம்பு. எங்கள் ஊர் லிட்டில் இந்தியாவின் கடைவரிசையைக் கடப்பதற்குள் மூன்று இடத்தில் நிற்பான். துணிக்கடை பொம்மையைப் பார்ப்பதுபோல் நிற்பான். நகைக்கடை வாசலில் ஆரம் பிடித்துப்போனதுபோல் நிற்பான். மூச்சு வாங்குவதை மறைக்க அவன் கண்டுபிடித்த வழி அது. கடைக்காரர்கள் அவனை வசதியான வீட்டுப் பிள்ளை என்றே நினைத்திருப்பார்கள்.

என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வீட்டுக்கு வருவார். வந்ததும் அண்ணனைத்தான் தேடுவார்.

"தின்ன சோறெல்லாம் எங்கடா போவுது?"

பிறகு அப்பாவின் பக்கம் திரும்புவார். "எங்க குடும்பத்துல ஒருத்தன்கூட இப்படிக் கெடையாது மாப்ள. இது உங்க வீட்டு ரத்தம்."

அப்பா சிரித்துக்கொண்டே அவருக்குத் தேநீர் ஊற்றுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

சோறு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அண்ணனின் உயிரியல் புத்தகத்தை அவனைவிட அதிகம் படித்தவள் நான். சோறு சர்க்கரையாகிறது. சர்க்கரை ரத்தத்தோடு ஒவ்வொரு செல்லுக்கும் போகிறது. அங்கே மைட்டோகாண்ட்ரியா என்று கண்ணுக்குத் தெரியாத குட்டி அடுப்புகள், நாம் இழுக்கும் மூச்சை வைத்து அதை எரித்து, ஏடிபி என்ற செலவுக்குத் தயாரான சக்தியாக மாற்றுகின்றன. விரலை மடக்கக்கூட ஏடிபி வேண்டும். அதை மூட்டை கட்டி வைத்துக்கொள்ளவும் முடியாது. தீரத் தீரச் செய்துகொண்டே இருக்க வேண்டும். இதைப் படித்த அன்று என் கையையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இத்தனை வேலை நடக்கிறது, ஒரு சத்தம் இல்லையே!

மாமாவுக்கு விளக்கினேன். "ப்ரீபெய்டு மாதிரி மாமா. தீந்தா டாப் அப் பண்ணணும். அண்ணனுக்கு டாப் அப் ஆக லேட்டாவுது, அவ்ளோதான்."

"அப்ப நெறையப் போட்டுருவோம் லா," என்றார் மாமா. அடுத்த ஞாயிறு இரண்டு டப்பா குளுக்கோஸ் வந்தது. அண்ணன் மறுக்காமல் குடித்து முடித்தான். துணிக்கடை பொம்மைகளை அவன் பார்ப்பது மட்டும் குறையவில்லை.

டப்பாவால் ஆகாததை முருகன் பார்த்துக்கொள்வார் என்று மாமா முடிவு செய்தார். தைப்பூசத்துக்கு அண்ணன் பால்குடம் எடுத்து மலையேறுவான் என்று, அண்ணனைக் கேட்காமலேயே வேண்டிக்கொண்டார்.

அன்று காலை அண்ணன் மஞ்சள் வேட்டியில் அழகாகத்தான் இருந்தான். தண்ணீர்ப் பந்தல்களில் பாட்டு அலறியது. வெறுங்காலில், தலையில் குடத்தோடு, கூட்டத்தோடு கூட்டமாக ஏறினான். மலைமேல் கோவிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படிகள். இருநூறாவது படி வரை எண்ணினேன். அதற்குப்பின் எண்ணத் தேவைப்படவில்லை. அவன் தொடைகள் நடுங்கின. குடத்தை மடியில் இறக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பால் முழங்காலில் வழிந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"எந்திரிடா," என்றார் மாமா. "ஊரே பாக்குது. எந்திரி!"

அண்ணன் எழப் பார்த்தான். கால் வரவில்லை. மாமா அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் போனார். நான் குறுக்கே புகுந்து, அண்ணனுக்கு முன்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, நகரு லா! பின்னாடி காவடி வருது!" என்று ஒரு அக்கா கத்தினார்.

"நகர மாட்டேன்."

"கொழுப்பப் பாரு," என்றார் மாமா. "அவன் சோம்பேறின்னா நீ ரௌடியா?"

"அவன் சோம்பேறி இல்ல. அவனுக்கு ஏடிபி இல்ல!"

படியில் இருந்த யாருக்கும் இது விளங்கவில்லை. ஆனாலும் என் குரலுக்குப் பயந்தோ என்னவோ, கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கியது. மாமா குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, இது வேண்டுதல். பாதியில விடக்கூடாது."

"வேண்டிக்கிட்டது நீங்கதானே? நீங்களே தூக்குங்க."

மாமா என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். முருகனுக்கு முன்னால் அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். அப்பா குனிந்தார். அண்ணனை முதுகில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினார். அன்றைக்கே மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்.

ரத்தம் எடுத்தார்கள். தொடைத் தசையில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். சில மாதங்கள் கழித்து அப்பாவும் அண்ணனும் போய் முடிவு கேட்டு வந்தார்கள். அண்ணன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீ சொன்னதுதான்டி. அடுப்புலதான் கோளாறாம்." நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். அண்ணனுக்குத் தீராத நோய் என்று தெரிந்த நாளில் குதித்தவள் நான் ஒருத்திதான். அப்பா மற்றவர்களிடம், தசையில் ஏதோ வியாதி, ஓடியாடக்கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மாமா அடுத்த ஞாயிறு அண்ணனுக்கு ஆப்பிள் வாங்கி வந்தார். வெகுநேரம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, விட்டுக்கொடுக்க மனமில்லாமல், அப்பாவைப் பார்த்தார்.

"வியாதின்னா எங்கேர்ந்தோ வரணுமில்ல மாப்ள? நான் அப்பவே சொன்னேன். உங்க வீட்டு ரத்தம்."

அப்பா தேநீர்தான் ஊற்றினார்.

இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். காலையில் துவைக்கப் போடும்போது அப்பாவின் சட்டைப்பையில் மருத்துவமனைத் தாள் ஒன்று கிடைத்திருந்தது, எட்டாக மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கி. மலாய் மொழியில் இருந்ததை வரி விடாமல் படித்திருந்தேன். இப்போது அதை எல்லோருக்கும் முன்னால் விரித்தேன்.

"பாப்பா, உள்ள போ," என்றார் அப்பா. அப்படி ஒரு குரலில் அவர் என்னோடு பேசியதேயில்லை.

"போக மாட்டேன். மாமா, கேளுங்க. அண்ணனுக்கு வந்திருக்கிற வகை அப்பாகிட்டேர்ந்து வரவே வராது. மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்டேர்ந்து மட்டும்தான் புள்ளைக்கு வரும். இதுல போட்டிருக்கு. உங்களுக்கும் அம்மாவுக்கும் உங்க அம்மா குடுத்ததும் இதேதான்."

மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அம்மா அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு, கை ஈரத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"அப்ப எங்கிட்டேர்ந்தா பாப்பா?"

"ஆமாம்மா," என்றேன், பரீட்சை முடிவைச் சொல்வதுபோல. "நூத்துக்கு நூறு!"

பாராட்டுக்காக அப்பாவின் பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு, கெட்டிலைப் பிடித்தபடி நின்றிருந்தார். இவருக்காகத்தானே இவ்வளவும் பேசினேன்? இவ்வளவு நல்ல ஆதாரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை எடுத்துப் பேசத் தெரியவில்லையே இந்த மனிதருக்கு என்று, ஜெயித்த பிறகும் எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை.