நாற்பத்தொன்றாம் பக்கத்துத் தீவு

மாவட்ட அலுவலகத்தில் அவளை எல்லோரும் டைப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாவட்டக் கையேடு புதுசாக வரும். புதுசு என்றால் அட்டை மட்டும்தான். உள்ளே இருக்கிற புவியியலும் வரலாறும் பழைய புத்தகத்திலிருந்து அப்படியே இறக்கியவை. அவற்றை டைப்ரைட்டரில் தட்டிக் கொடுப்பது டைப்பக்காவின் தலையெழுத்து.

புவியியல் ரொம்பச் சுருக்கம்: மேற்கே மணல்மேடு, நடுவில் உப்பங்கழி, கிழக்கே கடல். வரலாறு அதைவிடச் சுருக்கம். படையெடுத்து வந்தவர்களெல்லாம் கொசுக்கடி தாங்காமல் பக்கத்து மாவட்டத்தைப் பிடிக்கப் போய்விட்டார்கள். இது தலைமை எழுத்தருக்குப் பெரிய மானப் பிரச்சினை. அதனால் பதிப்புக்குப் பதிப்பு தன் கொள்ளுத்தாத்தாவை உள்ளே நுழைத்தார். முதலில் கொள்ளுத்தாத்தா கடற்கொள்ளையரைப் பார்த்தார். அடுத்த பதிப்பில் எதிர்த்தார். இந்த முறை ஓட ஓட விரட்டினார்.

"எத்தனை கப்பல் சார் போடட்டும்?"

"போன தடவை ஒண்ணுதானே? மூணு போடும்மா."

"போன தடவையே மூணு சார்."

"அப்ப அஞ்சு போடு."

கப்பல்கள் பற்றி டைப்பக்காவுக்கு ஆட்சேபணை இல்லை. நாற்பத்தொன்றாம் பக்கம்தான் அவளை உறுத்தியது. 'ஆற்றின் முகத்துவாரத்துக்கு எதிரே உள்ள தீவில் நாற்பது குடும்பங்கள் மகிழ்ச்சியுடன் வசிக்கின்றன' என்று அதில் இருந்தது. அந்தத் தீவைக் கடல் தின்று முடித்து ஏழு வருஷம் ஆகிறது. கடைசியாக வெளியேறியது அவளுடைய நாத்தனார் குடும்பம். புத்தகத்தின்படி தீவில் மகிழ்ச்சியுடன் வசித்த நாத்தனார், உண்மையில் டைப்பக்காவின் பின்கட்டு அறையில் ஆறு கோழிகளோடு வசித்தாள்.

"சார், அந்தத் தீவு இப்ப இல்ல. கடல் எடுத்துடுச்சு."

தலைமை எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எடுத்ததுக்கு ஆர்டர் இருக்கா?"

இல்லை. ஆகவே தீவு இருந்தது.

அந்த நேரத்தில்தான் புது அதிகாரி மாற்றலாகி வந்தார். அந்த அம்மாளுக்கு ஒரு கெட்ட பழக்கம்: புத்தகத்தைப் படிப்பார். பழைய கையேட்டைப் படித்துவிட்டு, நாற்பது குடும்பங்களையும் நேரில் பார்த்துக் குறை கேட்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். தலைமை எழுத்தரால் எதிர்த்தும் பேச முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. டைப்பக்கா சொல்ல வாயெடுத்தபோது அவர் அவள் காலை மிதித்தார். 'சரி, போய்த்தான் பாருங்களேன்' என்று அவளும் விட்டுவிட்டாள்.

தலைமை எழுத்தரும் டைப்பக்காவும் கூடப் போனார்கள். படகு ஓட்டியது அவள் கணவன். முகத்துவாரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மோட்டாரை நிறுத்தினான்.

"வந்தாச்சு மேடம்."

சுற்றிலும் தண்ணீர். அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "எங்கப்பா தீவு?"

"கீழ இருக்கு. இப்ப பள்ளிக்கூடத்துக்கு மேல நிக்கிறோம்."

தலைமை எழுத்தருக்கு அதற்குள் வயிற்றைப் புரட்டிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வலது பக்கம் சாய்ந்தார். படகுக்காரன் பதறினான்.

"அந்தப் பக்கம் வேணாம் சார்! அது என் தங்கச்சி வீடு!"

டைப்பக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் கணவன் நீண்ட கழியைத் தண்ணீரில் இறக்கினான். அது டங்கென்று ஏதோ சுவரில் இடித்தது. அவள் சிரிப்பு அப்படியே நின்றது. தீவு போன பிறகும், போன பதிப்பில், 'மகிழ்ச்சியுடன்' என்று தட்டியது இதே விரல்கள்தானே.

"நாப்பது குடும்பமும் எங்க போச்சு?" அதிகாரியின் குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு மேடம். மத்ததையும் தேடினா கிடைக்கும்" என்றாள் டைப்பக்கா.

"அப்ப தேடுங்க. அந்தப் பக்கத்தை நீங்களே எழுதுங்க."

எழுதுவது தட்டுவது போல இல்லை என்று அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. நாத்தனாரை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டாள்; அவள் எட்டு நாள் பேசினாள். கிணறு, தெரு, யார் வீட்டுக் கதவு கிறீச்சிடும், முதலில் மூட்டை கட்டியது யார் என்று எல்லாம் வந்தது. கிளம்பும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்ததைச் சொல்லும்போது மட்டும் நாத்தனார் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போனாள். டைப்பக்கா அந்த இடத்தில் கேள்வி கேட்கவில்லை.

மிச்சக் குடும்பங்களைத் தேடி இரண்டு மாதம் பஸ்ஸில் அலைந்தாள். ஒரு பக்கம் பதின்மூன்று பக்கமானது. இடம் போதாமல் அதிகாரி கொள்ளுத்தாத்தாவின் ஐந்து கப்பல்களையும் ஒரே கோட்டில் அடித்தார். தலைமை எழுத்தர் மூன்று நாள் காய்ச்சல் லீவு போட்டார்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை நாத்தனாரிடம் கொடுத்தாள். அவள் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி, பக்கத்து வீட்டுக்காரி வீட்டை எனக்கு முன்னாடி போட்டிருக்கீங்க? கிழக்கேயிருந்து எண்ணுங்க, என் வீடுதான் முதல்ல!"

டைப்பக்கா அலுவலகப் பிரதியில் பேனாவால் திருத்தினாள். செய்தி பரவியது. தீவுக்காரர்கள் ஒவ்வொருவராகத் திருத்தம் சொல்ல வந்தார்கள். கிணறு இடம் மாறியது, தெரு வளைந்தது, ஓரமெல்லாம் மையால் நிறைந்தது. பேசிக்கொண்டே நிற்கிறார்களே என்று, வேண்டாவெறுப்பாக, தலைமை எழுத்தர் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார்.